பாதி வழி

செசிஸ் ஊரில் பனி உருகும் வாரம்.
கண்ணாடிவீட்டுக்குள் மட்டும் ஜூன்.
குளிர்பெட்டியில், ஊறவைத்த மீன் ஜாடிக்குப் பக்கத்தில்
போன கோடையின் மகரந்தம்.
மூடியில் என் கையெழுத்து: திறக்காதே, இமாந்த்ஸ்.

வெள்ளை லில்லியின் சூல்முடி பிசுபிசுக்கிறது.
யார் தூளையும் ஒட்டவைத்துக்கொள்ளும்.
உள்ளே விடுவது வேறு கதை.
நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன்:
அந்நியக் குழாய்கள் இறங்கும், இறங்கும்,
தண்டின் நடுவில் நுனி வீங்கி
நின்றுவிடும்.
சண்டையில்லை, சத்தமில்லை.
வேண்டாமென்றால் வேண்டாம்தான்.

சவரக்கத்தியால் தண்டை அறுத்தேன்.
வெட்டுவாயில் தடவினேன்.
தூரத்தைக் குறைத்துக் கொடுப்பதுதானே என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன், இரண்டு முறை.

முந்நூற்றுப் பன்னிரண்டு பூ.
காய்கள் புடைத்தன, ஊரை ஏமாற்ற.
பிளந்தால் பதர், பதர், பதர்.
ஒன்றில் மட்டும்
கடுகில் பாதி, பச்சையாய்.
தாய் அதற்குச் சோறு கட்டிக்கொடுக்கவில்லை.
கண்ணாடிக் குப்பியில் சர்க்கரைக் கூழ் வைத்தோம்.
இமாந்த்ஸ் மூச்சை அடக்கிக்கொண்டு மூடினார்.

நாலு வருஷம் கழித்துப் பூத்தது.
வெள்ளையுமில்லை, தகப்பனின் செம்மஞ்சளுமில்லை,
முலாம்பழத்தின் உட்புறம்.
இமாந்த்ஸ் தொப்பியைக் கழற்றினார்.
நான் மகரந்தப்பையைத் தேய்த்தேன்.
தவிட்டு நிறத் தோல். உள்ளே காலி.

'கல்யாணச் சட்டையில் கறை படாது, ஆஸ்த்ரா.
பூக்கடைக்காரர்கள் கொத்திக்கொண்டு போவார்கள்' என்றார்,
உண்மையான சந்தோஷத்துடன்.

நான் விரலை ஏப்ரனில் துடைத்தேன்,
துடைக்க ஏதோ இருந்ததுபோல.