ஷேடு கார்டு இலைகள்

வியாழனுக்குள் ஓர் இலையுதிர் காலம்
செய்து கொண்டுவரச் சொல்லி
பள்ளியிலிருந்து துண்டுச்சீட்டு.
வீட்டில் இருப்பதே போதும்,
செலவு வேண்டாம் என்று
அடியில் ஒரு சிரிக்கும் முகம்.

செப்டம்பர் முடிகிறது.
ரூவியில் இன்னும் முப்பத்தொன்பது டிகிரி.
கார் நிறுத்துமிடத்து வேம்புக்கு
உதிர்க்கும் உத்தேசம் எதுவுமில்லை.
பேரீச்சை மட்டை
ஆள் ஏறி வெட்டினால்தான் விழும்.

நான் பெயின்ட் கடையில் கணக்கெழுதுகிறவள்.
போன வருடத்து ஷேடு கார்டுகள்
குப்பைக்குப் போகும் வழியில்
என் கைப்பைக்குள் இறங்கின.
பழைய செம்பு. சுட்ட பாதாம்.
மாலை நான்கு மணி.
இப்படிப் பெயர் வைக்கவும்
ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் போல.
பின்பக்கம் பார்த்தால்
லிட்டருக்குப் பன்னிரண்டு சதுர மீட்டர்.

செய்முறை எளிது.
ஆஃப்ராவின் உள்ளங்கையை அட்டையில் விரித்துவைத்து
பென்சிலால் சுற்றி வரவேண்டும்.
ஐந்து விரல், ஐந்து முனை.
மேப்பிள் என்றால் நம்பிவிடுவார்கள்,
இந்தக் கட்டிடத்தில் யாரும் பார்த்ததில்லை.
கூச்சத்தில் அவள் கையை இழுத்ததில்
ஓர் இலைக்குச் சுண்டுவிரல் இல்லை.
அதையும் வெட்டினோம்.

சருகுக்கு
தேயிலைச் சாயத்தில் தாளை முக்கி
அயர்ன் பண்ணினால் போதும்.
கையில் கிடைத்தது சூப்பர் மார்க்கெட் ரசீது.
சூடு பட்டதும் அது முழுக்கக் கறுக்கும் என்று
எனக்கு அன்றுதான் தெரிந்தது.
பால், முட்டை, சோப்புத்தூள், மொத்தம்
எல்லாம் போயிற்று.
"இது ராத்திரியில விழுந்த இலைம்மா"
என்று எடுத்துவைத்துக்கொண்டாள்.

பரங்கிக்காய் இருந்தால் நல்லது என்றிருந்தது.
நேற்றே குழம்பு வைத்தாயிற்று.
ஜன்னலில் காய்ந்த விதைகளைக்
காம்பு இருக்கவேண்டிய இடத்தில் ஒட்டினோம்.
பக்கத்து அறை ஷைனி சேச்சி
சலவைக்கடைக் கம்பி ஹேங்கர் ஒன்று தந்தாள்.
கிளை கிடைத்துவிட்டது.

மஃரிபுக்குச் சற்று முன்பு
சலாலாவிலிருந்து சதக் கூப்பிட்டார்.
ஆயிரம் கிலோமீட்டர், சிமென்ட் லோடு,
இன்னும் இறக்கவில்லை.
ஹேங்கரைக் காட்டினாள்.
பதிலுக்கு அவர் போனைத் திருப்பினார்:
மலை முழுக்கப் பச்சை,
லாரியின் மூக்கருகே மேயும் ஓர் ஒட்டகம்,
அதன் முழங்கால் வரை புல்.
"தூறல் நின்னு ஒரு வாரம்தான் ஆச்சு.
இதுக்கு இங்க கரீஃப்னு பேரு.
அரபில இலையுதிர் காலம்."

கத்தரிக்கோல் நின்றது.
"அப்ப நம்ம இலையெல்லாம் தப்பா வாப்பா?"

பதில் பாதி வரும்போது சிக்னல் போனது.
தப்பி... என்பது வரை கேட்டது.
தப்பில்லை என்றாரா
தப்பித்தோம் என்றாரா
எனக்கும் விளங்கவில்லை.

கார்டுகளை மறுபடி கொட்டிக்
குப்புறப் படுத்துத் தேடினாள்.
கிடைத்த பச்சை ஒன்றே ஒன்று,
குளியலறைச் சுவருக்கானது,
ஈரம் தாங்கும் வகை.
ஃபிலோமினா மிஸ் ஏன் என்று கேட்டால்
என்ன சொல்வதென்று இரண்டு தரம் ஒத்திகை.
மூன்றாவது தரம் தூங்கிப்போனாள்.

ஏசிக்கு நேரே மாட்டியது என் தவறு.
இரண்டு மணிக்கு ஒரு சின்னச் சத்தம்.
கரப்பான் என்று கால்களை மடக்கிக்கொண்டேன்.
பிறகு இன்னொன்று.
செலோடேப் ஒவ்வொன்றாகக் கைவிட,
கணக்கெழுதுகிறவள் இல்லையா,
படுத்தபடியே எண்ணினேன்.
தரையில் நான்கு. ஆஃப்ராவின் முதுகில் ஒன்று.
கட்டிலில் சதக்கின் பக்கம்
தலையணைமேல் மூன்று.

விளக்கைப் போடவில்லை.
பசை சமையலறையில் இருக்கிறது,
பஸ் வர ஆறே கால் ஆகும்.
தலையணையில் கைவைத்துத் தடவினேன்.
ஒன்றில் சுண்டுவிரல் இல்லை.
பச்சை எது என்று
இருட்டில் கைக்குத் தெரியவில்லை.