எண் போட்ட நோட்டு

எடைமேடையில் வேலை எனக்கு.
எண்ணூர் நெடுஞ்சாலையில் நகராமல் நிற்கும்
கண்டெய்னர்களின் எண்களைப்
பகல் முழுக்க எழுதுகிறேன்.
நான்கு எழுத்து, ஏழு இலக்கம்.
ஒன்று பிசகினால் வண்டி திரும்பி வரும்,
டிரைவர் என் அம்மாவை விசாரிப்பான்.

அதனாலோ என்னவோ
நான் சேர்ப்பதெல்லாம் எண்ணே இல்லாத பணம்.
பர்மாவைப் பிடித்த ஜப்பான்காரன்
சண்டை அவசரத்தில் அடித்துத் தள்ளிய ரூபாய்.
எழுத்து மட்டும் இரண்டு இருக்கும்.
எத்தனை அடித்தோம் என்று
எண்ணிப் பார்க்க அவனுக்கே பயம் போல.

சண்டை முடிந்ததும் அதை வைத்து
அடுப்பு மூட்டினார்களாம் ரங்கூனில்.
மூட்டாமல் மிச்சம் வைத்தவர்கள்
கப்பலேறி
வியாசர்பாடி வரை கொண்டுவந்தார்கள்.
மடிப்பில்லாதது நாற்பது ரூபாய் தருவேன்,
மடித்தது பதினைந்து,
செல்லரித்தது ஐந்து.
செல்லாத பணத்துக்குச் செல்லும் பணம்.
என் மனைவிக்கு இந்தக் கணக்கு
இன்றுவரை பிடிபடவில்லை.

சுனாமிக்கு அடுத்த வருஷம்
தங்கபுஷ்பத்தின் வீட்டுக்குப் போனேன்.
சாயங்காலம் பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ வண்டி போடுகிறவள்.
ஒரு கையால் வெங்காயம் வதக்கிக்கொண்டே
மறுகையால் பவுடர் டப்பாவைக் கவிழ்த்தாள்.
முப்பத்தொரு நோட்டு.
எல்லாவற்றிலும் பூண்டு எண்ணெய் வாசம்.
கூடவே
விலகிக் கிடந்த ஒன்று.

"அத்த விடு தம்பி. கள்ள நோட்டு.
எங்கப்பா பிரஸ்ஸுல கம்போசிட்டரு,
மூணு ராத்திரி முழிச்சு அடிச்சாராம்.
அரிசி வாங்கப் போனா
கடைக்காரன் பாத்ததும் சிரிச்சிட்டானாம்.
பொய்க்கு நான் காசு வாங்க மாட்டேன்,
வேணும்னா சும்மா எடுத்துக்கோ."

ஜன்னல் பக்கம் திரும்பி
லென்ஸை வைத்தேன்.
பகோடாவின் உச்சி கொஞ்சம் சாய்ந்திருந்தது.
மை ஒரு சாயல் கருப்பு.
கீழே, இடது ஓரத்தில்,
கட்டம் கட்டி அடுக்கியது போல
ஏழு இலக்கம்.

எந்த அசலிலும் இல்லாத எண்.

பசி வந்தும்
எண் இல்லாத தாளைப் பணமென்று அடிக்க
அந்தக் கம்போசிட்டருக்குக்
கை வரவில்லை.
ஜப்பான் அரசாங்கம் மறந்த ஒழுங்கை
எழுத்துக்கட்டையிலிருந்து பொறுக்கி எடுத்து
அவர் வைத்துவிட்டார்.
அதில்தான் மாட்டிக்கொண்டார்.

கல்கத்தாவில் ஒருவர்
இதற்கு எட்டாயிரம் தருவார்.
அது எனக்குத் தெரியும்.
தெரிந்த வாய்தான்
"சரிக்கா" என்றது.
மற்ற முப்பத்தொன்றுக்கு
நானூற்று எழுபது ரூபாயை
எச்சில் தொட்டு, இரண்டு தரம்,
நாணயமாக
எண்ணிக் கொடுத்தேன்.

விற்கவில்லை.
விற்காததால் மட்டும் யோக்கியன் ஆகிவிட முடியுமா என்று
ஆல்பத்தில் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம்
அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுகிறேன்.

சனிக்கிழமை தோறும் அவள் வண்டியில் அத்தோ.
முட்டை போட்டு, பேஜோ உடைத்துப் போட்டு,
வாழைத்தண்டு சூப்போடு.
இருபது ரூபாய்க்கு நூறு நீட்டிவிட்டு
கூட்டத்தில் நழுவப் பார்ப்பேன்.
ஒரு சனிக்கிழமையும் நடந்ததில்லை.
கரண்டியோடு சிக்னல் வரை ஓடி வருவாள்.

"தம்பி, மிச்சம்!"

நேற்றும் வந்தாள்.
உள்ளங்கையில் எட்டுப் பத்து ரூபாய்.
மேலிருந்ததில் நடுவே செலோடேப்.
நான் தயங்கி நின்றதை
வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

"நம்பர் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், பாத்துட்டேன்.
செல்லும். வச்சுக்கோ."