மூன்றாவது சிரிப்பு

ஃபஹாஹீலில் வெள்ளி மதியக் காட்சி.
படத்தில் ஒரு வெள்ளாடு
வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போகிறது.
மேலாளர், முள்ளம்பன்றி.

அரபு எழுத்து முந்திக்கொண்டு கீழே வருவதால்
முன்வரிசைக் குடும்பம் முதலில் சிரித்துவிடுகிறது.
ஆடு ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும் நாங்கள்.
ஜெனோவா காதில் சொல்லி முடித்ததும்
இவர்.
மூன்றாவது சிரிப்பு எப்போதும் தனியாக,
கொஞ்சம் சத்தமாக.
முன்வரிசைப் பெண் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.
நான் பாப்கார்னுக்குள் எதையோ தேடினேன்.

பிறகு முள்ளம்பன்றி
சுழல்நாற்காலியிலிருந்து எழுந்தது.
நாற்காலியும் கூடவே எழுந்தது.
வசனம் இல்லை, எழுத்தும் இல்லை.
அரங்கம் மொத்தமும் ஒரே நேரத்தில் வெடிக்க
இவர் என் தொடையில் ஓங்கித் தட்டினார்,
ஆறு நாளும் ஆலையில்
சாரத்துக் கிளாம்புகளை எண்ணும் கையால்.
இன்னும் எரிகிறது.

வெளியே நாற்பத்தேழு டிகிரி.
எங்கள் காரின் அடியில் ஒரு தெருப்பூனை.
"ஹலோ, கொஞ்சம் நகர்றீங்களா?" என்றாள் ஜெனோவா.
பூனை பார்த்தது, அவ்வளவுதான்.
வீட்டில் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன்
மூக்கைச் சுருக்கிக்கொண்டு
கீச்சுக்குரலில் பதில் சொன்னார்:
"ஏ.சி. போட்டுட்டுக் கூப்பிடுங்க."

ஜெனோவா முதலில்.
எனக்குக் கொஞ்சம் நேரமானது.
பூனை மட்டும் சிரிக்காமல் எழுந்து
பக்கத்து லேண்ட் க்ரூசருக்குக்
குடிமாறிப் போனது.