காலி கேன்

ராயப்பேட்டை ஆஸ்பத்திரி, எலும்புப் பிரிவு,
சீட்டு நூற்றுப் பதினேழு.
"சட்டையக் கழட்டுங்க" என்றார்
அந்தச் சின்ன டாக்டர். ஹெப்சிபா என்றது பெயர் அட்டை.
கழற்றுவதே முதல் பரிசோதனை என்று
எனக்குத் தெரியாது.
இடது கையை உருவிவிட்டு
வலதை உரித்தெடுத்ததை
எழுதிக்கொண்டார்.

பின்னால் போய் நின்றார். தொடவில்லை.
பட்டை எலும்புக்கு மேலே பள்ளம் விழுந்திருக்கிறதாம்.
பதினாறு வருஷம் கேன் உட்கார்ந்த இடம்,
விழாமல் என்ன செய்யும் என்றேன்.
"அது இல்ல. உள்ள சதை வத்தியிருக்கு."

"பக்கவாட்டுல தூக்குங்க."
அறுபது டிகிரி வரை சும்மா.
அதற்கு மேல் ஒரு தெரு முழுக்க நெருப்பு.
நூற்றிருபது தாண்டியதும்
மறுபடி காற்று.
வலிக்கு யாரும் எல்லைக்கல் நட்டு
நான் பார்த்ததில்லை.

"இப்ப ரெண்டு கையும் முன்னால.
கட்டைவிரல் தரையப் பாக்கணும்,
காலி டப்பாவக் கவுக்குற மாதிரி."
சிரித்துவிட்டேன்.
"காலி பழக்கமில்லம்மா.
இருபது லிட்டர், நாலாவது மாடி,
லிஃப்ட் எப்பவும் ரிப்பேரு."
அவரும் சிரித்தார். சிரித்தபடியே
மணிக்கட்டின் மேல் விரல் வைத்து அழுத்தினார்.
இரண்டே விரல்.
இறங்கிப் போனது கை,
என்னைக் கேட்காமல்,
என் முகத்தைப் பார்க்காமல்.

அப்புறம் புறங்கையை இடுப்புக்குப் பின்னால் வைத்து
முதுகிலிருந்து விலக்கச் சொன்னார்.
விலகியது.
"முன்பக்கத் தசைநார் தப்பிச்சிருக்கு" என்றார்,
வெள்ளம் வடிந்த வீட்டில்
ஃபிரிட்ஜ் மட்டும் ஓடுது என்று
சொல்லும் குரலில்.

ஸ்கேனுக்கு வியாழக்கிழமை.
"அதுவரைக்கும் தலைக்கு மேல எதையும் தூக்காதீங்க."
கடன்? என்று கேட்க வாய் வந்தது.
நூற்றுப் பதினெட்டு உள்ளே வந்துவிட்டார்,
வேட்டியில் பாதி, வாக்கரில் பாதி.

வெளியே நிறுத்தத்தில் ஒரே வெயில்.
வீட்டில் சரோஜாவுக்குக் காட்ட வேண்டுமே,
ஒருமுறை ஒத்திகை பார்த்தேன்.
பக்கவாட்டில், மெல்ல.
அறுபது. எழுபது.
நெருப்புத் தெருவின் நடுவில்
கை மாட்டிக்கொண்டு நிற்க
கிறீச்சிட்டு நின்றது ஒரு பஸ்.
என் பஸ் அல்ல.
"கையக் காட்டினல்ல, ஏறுய்யா!"
மெதுவாக இறக்கத்தான் பார்த்தேன்.
பாதி வழியில்
சொத்தென்று விழுந்து
தொடையில் அடித்தது.
போ என்று சொன்னதாக நினைத்து
திட்டிக்கொண்டே கியர் போட்டார் டிரைவர்.