நைட்ரேட் நாற்பது

சோதனைக் குழாயில் தண்ணீர் சிவந்துகொண்டு வருகிறது.
ஐந்து நிமிடம் பொறுக்கச் சொல்கிறது அட்டை.
மூன்றிலேயே தெரிந்துவிட்டது:
நாற்பது.
போன மாதம் இருபது.
பின்கண்ணாடியில் பாசி, சவரம் செய்யாத கன்னம்போல.

கொளத்தூர்க் கடைக்காரர் போனில் யோசிக்கவே இல்லை.
"ஸ்கிம்மர் போடுங்க சார். பதினாலாயிரம்.
நைட் பஸ்ல போட்டுவிட்டா காலைல காரைக்குடி."
விலையைவிட
அவர் யோசிக்காததுதான் உறுத்தியது.

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன்.
வடிகட்டுவதுதான் பிழைப்பு.
காலை ஐந்தரைக்கு முதல் ஷிஃப்ட்,
நான்கு கட்டில், நான்கு மணி நேரம்,
இரத்தம் வெளியே வந்து உள்ளே போகும் ஓசை.
"இன்னும் ஒரு மாசம் மாத்திரையிலேயே ஓட்டலாமா தம்பி?"
என்று கேட்பவர்களிடம்
டாக்டரைக் கேளுங்கள் என்று நகர்ந்துவிடுவேன்.

இங்கே டாக்டர் இல்லை.
இருநூறு லிட்டர் கடல் இருக்கிறது,
செக்காலை வாடகை வீட்டில்,
ஆத்தங்குடிக் கல்மேல்
உப்புப் பூத்த இரும்பு ஸ்டாண்டில்.
சம்பை ஊற்றின் தித்திப்புக்குப் பேர் வாங்கிய ஊரில்
தண்ணீரை மெனக்கெட்டு உப்பாக்குகிறவன் என்று
வீட்டுக்காரர் வைரவன் சிரிக்கிறார்.
சிரிக்கட்டும், வாடகையைக் கூட்டாதவரை.

கணக்குப் போட்டேன்.
கோமாளி மீன் இரண்டு. நீல டாம்செல் ஒன்று.
சம்பளம் கேட்காமல் துப்புரவு பார்க்கும் இறால் ஒன்று.
காளான் பவளம் ஏழு தலை.
இருபது கிலோ பாறை.
அந்தப் பாறைதான் சிறுநீரகம்:
துளைக்குள் துளை, அதற்குள் இருட்டு,
காற்று எட்டாத அந்த இருட்டில்
கண்ணுக்குத் தெரியாதவை
நைட்ரேட்டைத் தின்று குமிழியாக விடுகின்றன.
மூன்று மீனுக்கு இருபது கிலோ சிறுநீரகம்.
போதாதா?

போதும் என்றால் ஏன் நாற்பது?

ஸ்கிம்மரைக் குறை சொல்ல மாட்டேன்.
நுரையடித்து அழுக்கை மேலே தள்ளும்.
கோப்பையில் கட்டங்காப்பி நிறத்தில் தேங்கும்.
அதைக் கொண்டுபோய்க் கொட்டுவதில்
ஒரு திருப்தி இருக்கும்.
ஆனால் மாதத்தில் ஒரு நாள்
ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்ட் இல்லை.
பழகிப்போன மெஷின் நின்றால் என்ன ஆகும் என்று
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாம் கட்டில் அடைக்கப்பன்
திங்கட்கிழமை நான்கு கிலோ கூடி வந்தார்.
"தண்ணியே குடிக்கலப்பா."
அவர் மனைவி ஜன்னலைப் பார்த்தார்.
ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் ஷெட், வேறொன்றுமில்லை.
ஊசி ஏற்றி முடித்தபின் என்னிடம் மெல்ல,
"நுங்கு. ஆசையாக் கேட்டாக.
எப்படி இல்லைங்கிறது?"

பைக்கில் திரும்பும்போதுதான்
மீன் தீனி டப்பா ஞாபகம் வந்தது.
இரண்டு மாதம் வரவேண்டியது.
மூன்று வாரத்தில் அடி தெரிகிறது.

உமையாள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.
"நீங்க விடிய முன்னாடி போட்டுட்டுப் போயிர்றீங்க.
நான் பத்து மணிக்கு ஒரு சிட்டிகை.
மத்தியானம் கொஞ்சம்.
கண்ணாடிக்கிட்ட வந்து வாயைத் திறக்குதுல்ல."
"அது பசி இல்ல. மூச்சு."
"இருக்கட்டும்.
பகல் முழுக்க இந்த வீட்டுல
என்னைப் பார்த்து வாயைத் திறக்கிறது
அது ஒண்ணுதான்."

இதற்கு
அந்த அட்டையில் நிறம் இல்லை.

விடிகாலைத் தீனியை நான் நிறுத்திவிட்டேன்.
பத்து மணி அவளுடையது, ஒரே சிட்டிகை.
ஞாயிறுதோறும் நாற்பது லிட்டர் மாற்றுகிறோம்,
வாளிக்கு ஆளுக்கொரு கை,
வழியெல்லாம் சிந்தி, சிந்தியதற்குச் சண்டை போட்டு.

இரண்டு வாரம் கழித்து மறுபடி குழாய்.
ஜன்னல் வெளிச்சத்தில் அட்டையோடு ஒட்டிப் பிடித்தோம்.
அவள் முப்பது என்கிறாள்.
நான் இருபத்தைந்து என்கிறேன்.
கொளத்தூர்க்காரர் நம்பரை
இன்னும் அழிக்கவில்லை.