வாழைப்பழத் தொலைபேசி

செட்டூபல் துறைமுகத்துக்குப் பின்புறம்
மாடியில் வகுப்பு. மாலை ஏழரை.
இன்றைய பாடம்:
வேலைக்கு வர முடியாதென்று
மேலாளரிடம் போனில் சொல்வது.

பிலொமேனா டீச்சர்தான் மேலாளர்.
போனுக்கு ஒரு வாழைப்பழம்.
சார்ஜ் இருக்கிறதா என்றான் வெயாசெஸ்லாவ்,
சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

இதாலினா எழுந்தாள்.
மத்தி டப்பா ஆலையில் இருபத்திரண்டு வருடம்.
'மன்னிக்கணும்...'
அது வேண்டாம், என்றார் டீச்சர்.
'தொந்தரவுக்கு வருந்துகிறேன்...'
அதுவும்.
'மத்தியானம் தேறிவிட்டால் ஓடி வந்துவிடுகிறேன்...'
இதாலினா, உங்களுக்கு உடம்புக்கு என்ன?

ஒத்திகைக்குக்கூட ஒரு நோய்
அவளுக்குத் தோன்றவில்லை.
கையை விரித்தாள்.
விரலிடுக்குகளில் உப்பு தின்ற வெடிப்புகள்.
இதெல்லாம் கணக்கில் வருமா?

வரும் என்று வாயெடுத்த டீச்சருக்கு
இருமல் வந்தது. நிற்கவில்லை.
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.
ராத்திரி பஸ் கழுவுகிறவன் நான், முன்வரிசை;
நோட்டை வாங்கும்போதே தெரிந்தது,
அந்த விரல்கள் கொதித்தன.

வீட்டுக்குப் போங்கள் என்றோம்.
'எனக்கு மணிக்கணக்குச் சம்பளம்.'
எங்களைப் பார்க்காமல்
பலகையைப் பார்த்துச் சொன்னார்.
அங்கே அவர் கையெழுத்தில்
உங்கள் உரிமைகள்,
இரண்டு அடிக்கோடு.

இதாலினா பழத்தைக் காதில் வைத்தாள்.
'ஹலோ, பள்ளி ஆபீஸா?
பிலொமேனா இன்றைக்கு வர மாட்டார்.
காய்ச்சல்.'
அவ்வளவுதான்.
மன்னிப்பு இல்லை, வருத்தம் இல்லை,
பன்னிரண்டு வாரத்தில் அவள் பேசிய
மிகச் சரியான வாக்கியம்.

போனை வைத்தாள். உரித்தாள்.
பெரிய பாதி டீச்சருக்கு.