நூற்று எட்டு

உட்ஸ்யோக்கியிலிருந்து நானூற்றைம்பது கிலோமீட்டர்.
மதியமே இருட்டிவிடும் டிசம்பரில்
வண்டி ஓட்டி வந்திருந்தாள் ரிஸ்தென்,
பின்னிருக்கையில் சாப்பெயைப் படுக்கவைத்து.
"கண்ணில் ஏதோ" என்றாள்.
வலது கண்ணுக்குக் கீழே
கோலிக்குண்டு அளவு வீக்கம்.
மூன்று வாரம் சொட்டுமருந்து விட்டிருக்கிறாள்.
கலைமான் உதைத்திருக்கும் என்று நினைத்தாளாம்.

டாக்டர் ஹியேதலா கண்ணைப் பார்க்கவே இல்லை.
உதட்டைத் தூக்கினார்.

எங்கள் வேலையில் பல்லுக்குப் பெயரில்லை, எண்தான்.
மேல் வலது நூறுகள். மேல் இடது இருநூறுகள்.
கீழ்த்தாடைக்கு முந்நூறும் நானூறும்.
மயக்க ஊசிக்குப் பிறகு அவர் சொல்லச் சொல்ல
நான் படத்தில் குறிப்பேன்.
பதினோரு வருடமாக இதுதான் என் எழுத்து:
வட்டம், பெருக்கல் குறி, "ஆடுகிறது", "இல்லை".

எத்தனை கலைமான் என்று ரிஸ்தெனிடம்
இங்கே யாரும் கேட்க மாட்டார்கள்,
வங்கி இருப்பைக் கேட்பது போல அது.
நாயின் பல்லை எண்ணலாம்.
நாற்பத்திரண்டு இருக்க வேண்டும்.
நாற்பத்தொன்றரை இருந்தது.

"நூற்று எட்டு" என்றார் டாக்டர்.
எலும்பை நறுக்கும் பல், மேல்தாடையில் பெரியது.
வெளிப்பக்கம் ஒரே சில்லாகப் பெயர்ந்திருந்தது,
கூரையிலிருந்து பனிப்பாளம் நழுவியது போல.
நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி.
அந்த ஊசித்துளை வழியாக
மூன்று வாரமோ மூன்று மாதமோ
கண் வரைக்கும் ஏறியிருக்கிறது சீழ்.

அதோடுதான் வேலை செய்திருக்கிறது.
பட்டியடைக்கும் நாளெல்லாம்
மந்தையைச் சுற்றி ஓடிக் குரைத்திருக்கிறது.
வலித்தால் நாம் பல்லைக் கடித்துக்கொள்வோம்.
பல்லே வலித்தால் நாய்
எதைக் கடித்துக்கொள்ளும்?
இடப்பக்கமாக மென்றது, அவ்வளவுதான்.
இடப்பக்கம் வெள்ளை.
வலப்பக்கம் முழுக்கத் தேன் நிறத்தில் காறை.
அது எழுதிவைத்த ஒரே புகார்.

மூன்று வேர். மொத்தமாக வராது.
மூன்றாக அறுத்து
ஒவ்வொன்றாக அசைத்து, அசைத்து.
அப்போது டாக்டருக்குப் பேசப் பிடிக்காது.
வானொலியில் பனிச்சறுக்குப் போட்டி முடிவுகள்.
தலையைத் தாங்கிப் பிடித்திருந்தேன்.
தூங்கும் நாயின் காது
எவ்வளவு சூடு.

பல்லைத் தட்டில் வைத்துக் காட்டியபோது
ரிஸ்தென் எங்களைப் பார்க்கவில்லை.
ஜாக்கெட் பையில் கைவிட்டு
ஒரு கொம்புத் துண்டை எடுத்து மேஜையில் வைத்தாள்.
முனை வழவழவென்று தேய்ந்திருந்தது.
பிளவில் வெள்ளையாக ஒரு சில்லு சிக்கியிருந்தது.
"முதல் பனிக்கு நான்தான் கொடுத்தேன்.
எங்கள் வீட்டில் எல்லா நாய்க்கும் கொடுப்போம்."

நானூற்றைம்பது கிலோமீட்டரும்
அது அவள் பையில் இருந்திருக்கிறது.

டாக்டர் கொம்பில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார்.
பதியவில்லை.
"நகம் பதியாத எதையும் மெல்லக் கொடுக்காதீர்கள்."
கையுறையைக் குப்பையில் போட்டுவிட்டு,
"என் அப்பாவும் கொடுத்தார்" என்றார்.

அன்றிரவு என் பூனையின் உதட்டைத் தூக்கினேன்.
பதினோரு வருடம் ஊரார் வீட்டு வாயையெல்லாம் எழுதியவள்
என் வீட்டு வாயைத் திறந்து பார்த்ததில்லை.
ஈறோரம் மெல்லிய சிவப்பு,
யாரோ பேனாவால் அடிக்கோடிட்டது போல.
மூன்று நொடி பொறுத்தது.
பிறகு கடித்தது.
விரலில் நான்கு புள்ளிகள்.
நூற்று நான்கு, இருநூற்று நான்கு,
முந்நூற்று நான்கு, நானூற்று நான்கு.
எல்லாம் இருக்கின்றன. நல்ல கூர்மை.

நாளைக்கு
அதே விரலில் கோழிச்சாறு தடவிக்கொண்டு
மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டும்.